விசுவாசம் உடம்பில் படியும் விதம்: கிறிஸ்தவ வாழ்வில் சடங்குகள்

1542இல் முத்துக்குளித்துறைக்கு, அதாவது தூத்துக்குடிப் பக்கத்துக் கடற்கரைக்கு, வந்த இயேசு சபைக் குரு பிரான்சிஸ் சவேரியார், 1544 ஜனவரியில் கொச்சியிலிருந்து ரோமில் இருந்த தம் சபைத் தோழர்களுக்கு ஒரு கடிதம் எழுதினார். தான் எப்படி வேலை செய்கிறேன் என்பதை அதில் விவரமாகச் சொல்கிறார். தமிழும் போர்த்துகீசியமும் தெரிந்த சிலரைக் கூட்டி உட்காரவைத்து, பெரும்பாடுபட்டு விசுவாசப் பிரமாணம், பத்துக் கட்டளைகள், பரலோக மந்திரம், மங்கள வார்த்தை ஆகியவற்றைத் தமிழில் ஆக்கிக்கொண்டார். அவற்றைத் தானும் மனப்பாடம் செய்தார். பிறகு கையில் மணியை எடுத்துக்கொண்டு தெருத்தெருவாகப் போய்ப் பிள்ளைகளையும் பெரியவர்களையும் கூட்டினார். அவர் ஒரு வரி சொல்ல, கூட்டம் திருப்பிச் சொன்னது. யாருக்காவது உடம்புக்கு முடியவில்லை என்று ஆள் வந்தால், செபங்களைக் கற்றுக்கொண்ட சிறுவர்களை அந்த வீட்டுக்கு அனுப்பி அங்கேயும் அதையே சொல்லவைத்தார்.

விளக்கம் குறைவு, ஒப்பிப்பு அதிகம். இந்த முறையைக் குறை சொல்ல இன்றைக்கு நமக்கு நிறையக் காரணம் கிடைக்கும். பரவர் சமூகம் அதற்குச் சில ஆண்டுகள் முன்புதான், கடலில் போர்த்துகீசியரின் பாதுகாப்பு வேண்டி, கூட்டமாக ஞானஸ்நானம் பெற்றிருந்தது. அவர்களுக்கு முறையான போதனை எதுவும் கிடைத்திருக்கவில்லை. அப்படிப்பட்டவர்களுக்கு முதலில் கிடைத்தது மனப்பாடச் செபமும் சிலுவை அடையாளமும் ஞாயிற்றுக்கிழமைக் கூடுகையும்தான்.

ஆனால் அடுத்த நூற்றாண்டில் நடந்ததைப் பார்க்க வேண்டும். 1658இல் தூத்துக்குடியும் யாழ்ப்பாணமும் டச்சுக்காரர் கைக்குப் போயின. சீர்திருத்தத் திருச்சபையைச் சேர்ந்த அவர்கள் இலங்கையில் கத்தோலிக்கக் குருமாரைத் தடை செய்தார்கள். கோயில்களைப் பறித்துக்கொண்டார்கள். பூசை இல்லை, பாவசங்கீர்த்தனம் இல்லை, வழிகாட்ட ஆள் இல்லை. இலங்கையின் மன்னார்ப் பக்கத்து மாந்தையிலிருந்த மாதா சொரூபத்தைச் சில குடும்பங்கள் தூக்கிக்கொண்டு 1670 வாக்கில் மடுவின் காட்டுக்குள் போனதாக மரபு சொல்கிறது. இன்றைய மருதமடுத் திருத்தலத்தின் தொடக்கம் அதுதான். 1687இல் கோவாவிலிருந்து யோசேப் வாஸ் அடிகளார் கூலிக்காரர் வேடத்தில் யாழ்ப்பாணத்தில் இறங்கியபோது, யார் கத்தோலிக்கர் என்று கேட்டுப் பார்க்க வழியில்லை. கேட்டால் அவருக்கும் ஆபத்து, சொல்பவருக்கும் ஆபத்து. அவர் கழுத்தில் செபமாலையைப் போட்டுக்கொண்டு வீடுவீடாகப் பிச்சை கேட்டார். மாலையைப் பார்த்ததும் எந்த வீட்டின் முகம் மாறுகிறது என்று கவனித்தார். பிறகு சில்லாலை என்ற ஊர் அவரை ஒளித்துவைத்துக் காப்பாற்றியது. 2015இல் கொழும்பில் அவருக்குப் புனிதர் பட்டம் கொடுக்கப்பட்டது.

குருமார் இல்லாத அந்த ஆண்டுகளில் விசுவாசத்தைக் காத்தது இறையியல் நூல் எதுவும் அல்ல. மனப்பாடச் செபமும், விரல்கள் உருட்டத் தெரிந்த மாலையும், எந்த மாதம் எந்தத் திருநாள் என்ற நினைவும்தான்.

ஜப்பானில் இதைவிடக் கடுமையான சோதனை நடந்தது. 1614இல் கிறிஸ்தவம் அங்கே முழுவதுமாகத் தடை செய்யப்பட்டது. கிறிஸ்துவின் உருவம் பொறித்த பலகையை மிதித்துக் காட்டு என்று அதிகாரிகள் ஆண்டுதோறும் மக்களைச் சோதித்தார்கள். இருநூறு ஆண்டுகளுக்கு மேலாக ஒரு குரு கிடையாது. 1865 மார்ச் 17 அன்று, நாகசாகியில் வெளிநாட்டவருக்காகப் புதிதாகக் கட்டிய கோயிலுக்கு உராகாமி கிராமத்தைச் சேர்ந்த சிலர் வந்தார்கள். அங்கிருந்த பிரெஞ்சுக் குருவிடம் மாதா சொரூபம் எங்கே என்று கேட்டார்கள். இது தங்களுக்குத் துக்க காலம் என்றும் சொன்னார்கள். அவர்கள் சொன்னது தவக்காலத்தை. நாட்காட்டியைப் பார்த்தால் அந்த வருடம் உயிர்ப்புப் பெருவிழா ஏப்ரல் 16. ஆக, அவர்கள் சொன்ன கணக்கு சரி. தலைமுறை தலைமுறையாக ஒளிந்து வாழ்ந்தவர்கள் எத்தனையோ போதனைகளை மறந்திருந்தார்கள். எந்த வாரம் நோன்பு இருக்க வேண்டும் என்பதை மறக்கவில்லை.

சடங்கைப் பற்றிப் பேசும்போதெல்லாம் ‘உள்ளம்தான் முக்கியம், இதெல்லாம் வெளிவேஷம்’ என்று ஒரு குரல் வரும். அந்தக் குரலில் நியாயம் இருக்கிறது. அதற்குப் பின்னால் வருகிறேன். ஆனால் முதலில் இதை ஒப்புக்கொள்ள வேண்டும்: புத்தி மறந்துவிடுவதை உடம்பு மறப்பதில்லை. விசுவாசத்தை உடம்பில் படியவைப்பதே சடங்கின் வேலை. அப்படிப் படிவது நல்லதாக இருந்தால் நூற்றாண்டுகள் நிற்கும், கெட்டதாக இருந்தாலும் நிற்கும். கிறிஸ்தவச் சடங்குகளை நாம் இவ்வளவு கவனமாகப் பார்க்க வேண்டியது இந்தக் காரணத்தால்தான்.

கிறிஸ்தவம் தொடக்கத்தில் சடங்கில்லாத எளிய போதனையாக இருந்தது, பிறகுதான் சபை அதன்மேல் சடங்குகளை ஏற்றிவிட்டது என்று பலர் நம்புகிறார்கள். கிடைக்கும் ஆதாரங்கள் அப்படிச் சொல்லவில்லை. கி.பி. 112 வாக்கில் ரோம ஆளுநர் பிளினி, பிடிபட்ட கிறிஸ்தவர்களை விசாரித்துப் பேரரசர் டிராஜனுக்கு எழுதிய கடிதம் இருக்கிறது. இவர்கள் என்ன நம்புகிறார்கள் என்பது அவருக்குச் சரியாகப் புரியவில்லை. என்ன செய்கிறார்கள் என்பது தெரிந்திருந்தது. குறித்த நாளில் விடியுமுன் கூடுகிறார்கள், கிறிஸ்துவைக் கடவுளாகப் பாவித்து மாறிமாறிப் பாடுகிறார்கள், திருடமாட்டோம், சொன்ன வாக்கை மீறமாட்டோம் என்று உறுதி எடுக்கிறார்கள், பிறகு மறுபடி கூடிச் சாப்பிடுகிறார்கள் என்று எழுதுகிறார்.

ஏறக்குறைய அதே காலத்தைச் சேர்ந்த டிடாக்கே என்ற சிறு கையேடு இன்னும் நுணுக்கமாகப் போகிறது. புதனும் வெள்ளியும் நோன்பு இரு. கர்த்தர் கற்பித்த செபத்தை நாளுக்கு மூன்று தடவை சொல். ஞானஸ்நானம் ஓடும் தண்ணீரில் கொடு, அது இல்லையென்றால் வேறு தண்ணீர், குளிர்ந்த நீர் முடியாவிட்டால் வெந்நீர், எதுவுமே போதாவிட்டால் தலையில் மூன்று தடவை ஊற்று. கடைசி வரியைப் படிக்கும்போது எனக்கு எப்போதும் மனம் நெகிழும். முறை முக்கியம், ஆனால் தண்ணீர் இல்லாத ஊரில் இருப்பவனும் வெளியே நிற்கக் கூடாது என்ற அக்கறை அதில் இருக்கிறது.

155 வாக்கில் ரோமில் யுஸ்தின் என்ற கிறிஸ்தவ எழுத்தாளர் எழுதிய விளக்கத்தில் இன்றைய ஞாயிறு ஆராதனையின் எலும்புக்கூடு முழுவதும் இருக்கிறது: வாசகம், பிரசங்கம், எழுந்து நின்று மன்றாட்டு, அப்பமும் திராட்சை ரசமும், மக்கள் சொல்லும் ஆமென், வரமுடியாதவர்களுக்கு அப்பத்தை வீட்டுக்குக் கொண்டுபோகும் உதவியாளர்கள். காணிக்கை யாருக்கு என்பதையும் அவர் மறக்காமல் எழுதுகிறார். அனாதைகள், விதவைகள், நோயாளிகள், சிறையில் இருப்பவர்கள், வழிப்போக்கர்கள். பூசை முடிந்து தட்டில் விழுந்த காசு எங்கே போகிறது என்பதும் அந்தச் சடங்கின் ஒரு பகுதியாகவே அப்போது இருந்தது.

கிறிஸ்தவச் சடங்கு மனிதனைப் பிடிக்கும் முதல் இடம் காலம். ஒரு வருடத்தை எடுத்து அதன்மேல் ஒரு கதையை விரித்துவிடுகிறது. இதன் உச்சம் சாம்பல் புதனிலிருந்து உயிர்ப்பு ஞாயிறு வரையான நாட்கள். நம் ஊர்க் கத்தோலிக்க வீடுகளில் இது ஓலையில் தொடங்கி ஓலையில் முடிகிறது. குருத்தோலை ஞாயிறன்று தென்னங்குருத்தை வாங்கிவந்து, கோயில் திண்ணையில் உட்கார்ந்தே சிலுவை முடைந்துவிடுவார்கள். ஓலையைக் கிழிக்காமல் மடித்து, ஒரு நுனியை இன்னொரு மடிப்புக்குள் செருகி, ஊசியோ நூலோ இல்லாமல் சிலுவையாக்குவதைப் பாட்டிமார் பிள்ளைகளுக்குக் கைபிடித்துச் சொல்லிக்கொடுப்பார்கள். பவனி முடிந்ததும் அது திருஇருதயப் படத்தின் பின்னால் போய் உட்காரும். வருடம் முழுக்கப் பச்சை மங்கி, பழுத்து, காய்ந்து அங்கேயே இருக்கும். அடுத்த தவக்காலம் நெருங்கும்போது கோயிலில் கேட்டு வாங்குவார்கள். எரிப்பார்கள். அந்தச் சாம்பல்தான் புதன்கிழமை நெற்றியில் ஏறும், ‘மனிதனே, நீ மண்ணாயிருக்கிறாய், மண்ணுக்கே திரும்புவாய்’ என்ற சொற்களோடு. போன வருடம் ஓசன்னா பாடிக் கையில் தூக்கிப் பிடித்த அதே ஓலை.

இந்தச் சுற்றைப் பற்றி யாரும் பிரசங்கம் செய்யத் தேவையில்லை. ஓலையைப் படத்தின் பின்னாலிருந்து உருவி எடுத்த கைக்கு அது தெரியும்.

பெரிய வாரத்தின் மற்ற நாட்களும் இப்படியே உடம்போடு பேசுகின்றன. பெரிய வியாழன் பூசையில் ‘உன்னதங்களிலே’ பாடலோடு மணிகள் நின்றுபோகும். சனி இரவு அதே பாடல் மறுபடி எழும்வரை மணிக்குப் பதில் மரக்கட்டையின் வறட்டு ஓசைதான். பாத்திரம், துணி எல்லாம் எடுக்கப்பட்டுப் பீடம் வெறுமையாகும். வெள்ளிக்கிழமை உலகம் முழுக்க எங்கும் பூசை கிடையாது. வாசகம், மன்றாட்டு, சிலுவை முத்தி செய்தல், முந்திய நாள் எடுத்துவைத்த நற்கருணை, அவ்வளவுதான். சில ஊர்களில் அன்றைக்கு ஒப்பாரி மெட்டில் வியாகுலப் பிரசங்கம் படிப்பார்கள். சாவு வீட்டில் எப்படி அழுவார்களோ அப்படியே பெண்கள் அழுவார்கள். சனிக்கிழமை இரவு கோயில் விளக்குகள் எல்லாம் அணைந்திருக்க, வாசலில் புது நெருப்பு மூட்டி, அந்த வருடத்தின் எண்ணைப் பொறித்த பாஸ்காத் திரியில் ஏற்றுவார்கள். அதிலிருந்து ஒருவர் திரியிலிருந்து அடுத்தவர் திரிக்கு என்று சுடர் கோயில் முழுக்கப் பரவும்.

இதில் எல்லாமே பழங்காலத்திலிருந்து மாறாமல் வந்தவை அல்ல. சிலுவைப்பாதையின் ஸ்தலங்கள் பதினான்கு என்று நிலைபெற்றது 1731இல், பாப்பரசர் பன்னிரண்டாம் கிளமென்ட் காலத்தில். பாதம் கழுவும் சடங்கில் பன்னிரண்டு ஆண்களுக்கு மட்டுமே இடம் என்ற விதி 2016இல் பாப்பரசர் பிரான்சிஸின் ஆணையால் மாறியது. அதற்கு மூன்று வருடம் முன்பே அவர் ரோமில் ஒரு சிறார் சிறைக்குப் போய்ப் பெண்களின் பாதங்களையும் முஸ்லிம் இளைஞர்களின் பாதங்களையும் கழுவியிருந்தார். சடங்கு மாறாதது என்பது அதைத் தள்ளிநின்று பார்ப்பவர்களின் எண்ணம். உள்ளே இருப்பவர்களுக்கு அது எப்போதும் மெதுவாக மாறிக்கொண்டிருப்பது தெரியும்.

‘அதெல்லாம் கத்தோலிக்கருக்கு, எங்களுக்குச் சடங்கு கிடையாது’ என்று சீர்திருத்தச் (புராட்டஸ்டன்ட்) சபையாரில் பலர் சொல்வார்கள். வரலாற்றில் அதற்கு அடிப்படை உண்டு. 1525இல் சூரிச் நகரத்தில் சீர்திருத்தவாதி சுவிங்லி பூசையையே நிறுத்தினார், படங்களும் சொரூபங்களும் வெளியேறின, ஆர்கன் மௌனமானது. லூத்தர் அந்த அளவுக்குப் போகவில்லை. ஆனால் திருநெல்வேலி, தூத்துக்குடிப் பக்கத்துத் தென்னிந்தியத் திருச்சபை (சிஎஸ்ஐ) ஊர் ஒன்றில் ஒரு வருடம் இருந்து பார்த்தவர்களுக்குச் ‘சடங்கு கிடையாது’ என்ற பேச்சு ஆச்சரியமாக இருக்கும். லெந்து நாட்கள், அதாவது தவக்காலம், உண்டு. பெரிய வெள்ளியன்று பன்னிரண்டு மணி முதல் மூன்று மணி வரை சிலுவையில் மொழிந்த ஏழு வார்த்தைகளின் தியானம் உண்டு. இந்த மும்மணித் தியானம் 17ஆம் நூற்றாண்டின் இறுதியில் பெரு நாட்டின் லிமாவில் இயேசு சபைக் குருமாரிடம் உருவாகி, பிறகு சபை வேலிகளைத் தாண்டியது. பாப்பரசரை ஏற்காத நம் ஊர்ச் சபைகள் அதை நெஞ்சாரக் கடைப்பிடிப்பதில் எனக்கு மகிழ்ச்சியே.

அறுப்பின் பண்டிகைக்கு வாழைத்தார், தேங்காய், பூசணி, சேவல், ஆட்டுக்குட்டி எல்லாம் கோயிலுக்கு வரும். ஆராதனை முடிந்ததும் வெளியே ஏலம் நடக்கும். ஒரு முட்டை கடையில் விற்கும் விலையைப் போல் பல மடங்குக்குப் போகும். ஏலம் எடுத்தவர் அதை மறுபடி காணிக்கையாகவே திருப்பிக் கொடுப்பார், திரும்பவும் ஏலம் தொடங்கும். கோயில் அர்ப்பணிக்கப்பட்ட நாளை நினைக்கும் பிரதிஷ்டைப் பண்டிகை வந்தால் அசனம். பெரிய அண்டாக்களில் சோறும் கறிக்குழம்பும் வெந்துகொண்டிருக்க, ஊர் முழுக்க ஒரே பந்தலில் சாப்பிடும். வெளியூரில் வேலை பார்ப்பவர்கள் கிறிஸ்துமஸுக்கு வரமுடியாவிட்டாலும் அசனத்துக்கு வந்துவிடுவார்கள். அந்தப் பந்தலுக்குப் பின்னால் இருக்கும் சாப்பாட்டு வரலாறு எளிதானதல்ல. அதையும் பின்னால் சொல்கிறேன்.

டிசம்பர் 31 இரவின் விழிப்பு ஆராதனையை எல்லாச் சபையாரும் எடுத்துக்கொண்டுவிட்டார்கள். 18ஆம் நூற்றாண்டில் ஜெர்மனியின் ஹெர்ன்ஹூட்டில் வாழ்ந்த மொரேவியச் சகோதரர்கள் என்ற சபையாரின் வழக்கம் ஜான் வெஸ்லி வழியாக மெத்தடிஸ்டுகளிடம் போய், அங்கிருந்து பரவியது. நள்ளிரவு ஜெபம் முடிந்ததும் வாக்குத்தத்த வசன அட்டைகளைத் தட்டில் வைத்து நீட்டுவார்கள். கண்ணை மூடிக்கொண்டு ஒன்றை எடுப்போம். அந்த வருடம் நமக்கு அதுதான். கல்யாணம் ஆகாத பெண், கடன் இருக்கும் மனிதர், பரீட்சை எழுதப்போகும் பையன் என்று ஒவ்வொருவரும் தம் அட்டையைப் படிக்கும்போது அந்த முகங்களைப் பார்க்க வேண்டும். அட்டை பைபிளுக்குள் போகும், அல்லது பிரிட்ஜ் கதவில் ஒட்டிக்கொள்ளும். ஹெர்ன்ஹூட்டில் 1728 முதலே நாளுக்கொரு வசனம் வீடுவீடாகக் கொண்டுபோகப்பட்டது. 1731 முதல் அது சீட்டெடுத்துத் தேர்ந்து புத்தகமாகவே அச்சாகிவருகிறது. நம் தட்டில் இருக்கும் அட்டைக்கு அந்தப் பக்கத்தில் ஒரு தூரத்துச் சொந்தம் உண்டு.

பெந்தெகொஸ்தே சபைகளில் அச்சடித்த ஆராதனை முறை இல்லை என்பது உண்மை. ஆனால் வெள்ளை உடுப்பு, நகை களைதல், கைகளை உயர்த்தும் விதம், ‘ஸ்தோத்திரம்’ என்ற வாழ்த்து, முதல் வாரத்து உபவாச ஜெபம், எண்ணெய் பூசி ஜெபித்தல், சாட்சி சொல்லும்போது வாக்கியம் தொடங்கும் முறை வரை எல்லாம் கற்றுக்கொண்டு வருபவை. புதிதாக வருபவர் மூன்று வாரத்தில் அவற்றைப் பிடித்துக்கொள்கிறார். இதைக் குற்றமாகச் சொல்லவில்லை. மனிதர்கள் சேர்ந்து கும்பிடும் இடத்தில் முறை என்று ஒன்று தானாக உருவாகிவிடும். அதை ஒப்புக்கொள்ளும் சபையால்தான் அதைச் சோதித்துப் பார்க்கவும் முடியும்.

கோயிலுக்கு வெளியே, வீட்டில் நடப்பவை இன்னும் சிறியவை. பரீட்சைக்குக் கிளம்பும் பிள்ளையின் நெற்றியில் அம்மா கட்டைவிரலால் இடும் சிலுவை. பழைய கடிதங்கள், கணக்கு நோட்டுகளின் உச்சியில் இயேசு, மரியாள், யோசேப்பு பெயர்களான ‘சேசு மரி சூசை’. காலை ஆறு, நண்பகல், மாலை ஆறு என்று மூவேளை செபத்துக்கு அடிக்கும் மணி. அந்த மணியை வைத்து அடுப்பை மூட்டிய வீடுகள் உண்டு. ஞாயிற்றுக்கிழமை கடலுக்குப் போவதில்லை என்ற கட்டுப்பாட்டைக் கன்னியாகுமரி, தூத்துக்குடிக் கடலோரத்துப் பல ஊர்கள் இன்றும் வைத்திருக்கின்றன. மீன் படும் பருவத்தில் ஒரு நாள் வருமானத்தை விடுவது எவ்வளவு கடினம் என்பது தெரிந்தால்தான் அந்தக் கட்டுப்பாட்டின் கனம் புரியும். சோறு வடிக்க உலையில் அரிசி போடுமுன் ஒரு கைப்பிடியைத் தனிப் பானையில் எடுத்துவைக்கும் வழக்கமும் இந்த வகைதான். மிசோரத்தில் பிரஸ்பிட்டேரியன் சபைப் பெண்கள் 1910இல் தொடங்கிய கைப்பிடி அரிசிக் காணிக்கை, இன்று அந்தச் சபையின் பெரிய வருமானங்களில் ஒன்று. கொடுப்பது ஒரு பெரிய முடிவாக இல்லாமல் சமையலின் ஒரு படியாகிவிடுகிறது. வறுமைப்பட்ட வீடும் கொடுக்கும் வீடாகிறது.

இந்தச் சடங்குகளில் எது கிறிஸ்தவம், எது நம் ஊர் வழக்கம் என்ற வழக்கு நானூறு வருடமாக நடக்கிறது. 1606இல் மதுரைக்கு வந்த இத்தாலிய இயேசு சபைக் குரு ராபர்ட் தெ நோபிலி காவி உடுத்தி, சந்தனம் பூசி, பூணூல் சமயச் சின்னம் அல்ல, சமூகச் சின்னம் என்று வாதாடினார். 1623இல் ரோம் தற்காலிகமாக ஒப்புக்கொண்டது. பாண்டிச்சேரிக்கு வந்திருந்த பாப்பரசரின் தூதர் தூர்னோன் 1704இல் பலவற்றைத் தடை செய்தார். அதில் ஒரு சண்டை எனக்கு இன்னும் பொருள் உள்ளதாகப் படுகிறது. அன்றைய ஞானஸ்நான முறையில் குரு தன் உமிழ்நீரைத் தொட்டுக் குழந்தையின் காதிலும் மூக்கிலும் வைக்க வேண்டும். எச்சில் என்றாலே அருவருக்கும் நம் மக்களிடம் அதைச் செய்யமுடியாது என்று மிஷனரிகள் விட்டுவிட்டிருந்தார்கள். விடக்கூடாது என்றார் தூர்னோன். 1744இல் பதினான்காம் பெனடிக்ட் இந்தச் சர்ச்சையை முடித்து, மிஷனரிகள் சத்தியம் செய்து கீழ்ப்படிய வேண்டும் என்று விதித்தார். அந்தச் சத்தியம் 1940வரை நீடித்தது. பிறகு இரண்டாம் வத்திக்கான் சங்கம் வந்தது, பூசை தமிழில் வந்தது, 1969இல் ஆரத்தி, குத்துவிளக்கு, தரையில் அமர்தல், கைகூப்புதல் உட்படப் பன்னிரண்டு அம்சங்களுக்கு ரோம் அனுமதி தந்தது. இன்றைய பொதுவான ஞானஸ்நான முறையில் உமிழ்நீர் கிடையாது. மதுரைப் பக்கத்துத் தாய்மாரின் அருவருப்பு சரியென்று ஆக இரண்டரை நூற்றாண்டு ஆனது.

ஆனால் அதே தூர்னோன் கட்டளையில் இன்னொன்றும் இருந்தது: நோயுற்ற பறையர்களின் வீடுகளுக்கு மிஷனரிகள் போய்ச் சடங்குகளை நிறைவேற்ற வேண்டும். அதுவரை பலர் போகவில்லை, போனால் மேல்சாதியார் விலகிவிடுவார்கள் என்று. நம் ஊர் வழக்கத்துக்கு மதிப்புக் கொடுக்கிறோம் என்ற பெயரில் சாதிக்கும் சேர்த்தே மதிப்புக் கொடுத்தார்கள். இரண்டையும் ஒரே முடிச்சில் கட்டிவிட்டது நம் வரலாற்றின் பெருந்துயரம்.

சீர்திருத்தச் சபைகளிலும் இதேதான். தஞ்சாவூரில் கர்த்தரின் பந்திக்கு முதலில் யார் போவது, பிறகு யார் என்ற ஒழுங்கு இருந்தது. தனி உட்காரும் இடம் இருந்தது. சில ஊர்களில் திராட்சை ரசம் பருகும் கிண்ணம்கூட வேறாக இருந்தது. 1820களில் புதிதாக வந்த மிஷனரிகள் இதை மாற்ற முயன்றார்கள். கூடவே கோயிலில் பூவையும் தமிழ் இசையையும் கீர்த்தனைகளையும் ஒதுக்கினார்கள். கவிராயர் வேதநாயகம் சாஸ்திரியார் கொதித்தெழுந்து எதிர்த்தார். பாட்டையும் பூவையும் பற்றி அவர் சொன்னது முற்றிலும் நியாயம், இன்று எந்தத் தமிழ்ச் சபையும் கீர்த்தனை இல்லாமல் கூடுவதில்லை. சாதி ஒழுங்கைக் காக்க அவர் வாதாடியது நியாயமில்லை. 1833இல் கல்கத்தா பேராயர் டேனியல் வில்சன், சாதி வேறுபாட்டை உறுதியாக, உடனடியாக, அறுதியாக விட்டுவிட வேண்டும் என்று சுற்றறிக்கை அனுப்பினார். பலர் சபையைவிட்டே வெளியேறினார்கள். வேதாகமத்தில் சகோதரன் என்று ஆயிரம் தடவை படித்தபோது வராத எதிர்ப்பு, ஒரே கிண்ணத்தில் வாய்வைக்கச் சொன்னபோது வந்தது.

வடக்கன்குளத்தில் இது சுண்ணாம்பும் கல்லுமாகவே நின்றது. 1872இல் அங்கே கட்டிய கோயில் இரண்டு கால்களைக்கொண்டது. பீடம் ஒரு முனையில், அதிலிருந்து இரண்டு மண்டபங்கள் இரண்டு பக்கமாகப் பிரிந்தன. ஒன்றில் வெள்ளாளர், மற்றொன்றில் நாடார். இரண்டு கூட்டமும் குருவைப் பார்க்கும், ஒருவரையொருவர் பார்க்காது. ஊரார் அதைக் கால்சட்டைக் கோயில் என்றார்கள். 1910இல் பிரிக்கும் சுவர் இடிக்கப்பட்டது. சுவர் வேண்டும் என்றவர்கள் நீதிமன்றம் போனார்கள், வழக்கு சென்னை உயர் நீதிமன்றம் வரை வந்தது. சுவர் திரும்பக் கிடைக்கவில்லை. ஆனால் நாற்பது வருடமாக, ஞாயிறுதோறும், நற்கருணை வாங்கிக்கொண்டே அந்த மக்களின் உடம்பு என்ன கற்றது என்று யோசித்துப் பாருங்கள். எத்தனையோ ஊர்களில் கல்லறைத் தோட்டங்கள் இன்றும் சாதிவாரியாகப் பிரிந்திருப்பது அந்தப் பாடத்தின் மிச்சம். இறந்தோர் நினைவு நாளான நவம்பர் 2 அன்று மெழுகுதிரியோடு போகும் கூட்டம் இரண்டு வாசலில் பிரிந்து நுழைகிறது.

சடங்கை எதிர்த்த தீர்க்கதரிசிகளின் கோபம் இதைக் குறித்ததுதான். ஆமோஸ் 5ஆம் அதிகாரத்தில் உங்கள் பண்டிகைகளை வெறுக்கிறேன் என்று கடவுள் சொல்வது, பண்டிகை என்பதே தவறு என்பதால் அல்ல. அதைக் கொண்டாடுகிறவர்கள் ஏழையை நசுக்கிக்கொண்டிருந்தார்கள். கொரிந்துச் சபைக்குப் பவுல் எழுதியதும் அப்படியே: ஒருவன் பசியாயிருக்க, இன்னொருவன் வெறித்திருக்கிறான், நீங்கள் கூடிச் சாப்பிடுவது கர்த்தருடைய இராப்போஜனமே அல்ல. பந்தியை நிறுத்துங்கள் என்று அவர் சொல்லவில்லை. ஒருவருக்காக ஒருவர் காத்திருங்கள் என்று சொன்னார். முறையை அவர் முறையாலேயே திருத்துகிறார்.

இந்த வழியில் நடந்த ஒரு காரியத்தைச் சொல்ல வேண்டும். 1947 செப்டம்பர் 27 அன்று சென்னைப் புனித ஜார்ஜ் பேராலயத்தில் தென்னிந்தியத் திருச்சபை பிறந்தது. 1950இல் அதன் புதிய திருவிருந்து ஆராதனை முறை வந்தது. அதில் சமாதானம் பகிரும் சடங்கைச் சேர்த்தார்கள். மலபாரின் சிரியன் சபைகளில் உயிரோடிருந்த பழைய வழக்கம் அது. குருவானவர் பீடத்தில் தொடங்கி, கொடுப்பவர் தன் வலது உள்ளங்கையைப் பெறுபவரின் வலது உள்ளங்கையில் வைக்க, இருவரும் இடது கையால் மற்றவரின் கையை மூடிக்கொள்வார்கள். அது வரிசை வரிசையாகக் கடைசி ஆள்வரை போகும். மேற்கத்தியச் சபைகள் பல இதைப் பிறகுதான் மீட்டெடுத்தன. தீண்டாமையை ஒழிக்கும் பிரிவோடு இந்திய அரசியல் சாசனம் நடைமுறைக்கு வந்ததும் அதே 1950தான். சட்டம் தண்டனையோடு சொன்னதை ஆராதனை முறை உள்ளங்கையோடு சொன்னது. இதை வடிவமைத்தவர்களுக்குத் தமிழ்ச் சபைகள் போதிய நன்றி சொல்லவில்லை என்பது என் எண்ணம். தொடமாட்டேன் என்று வளர்க்கப்பட்ட கை, வாரம்தோறும் தொட்டுத் தொட்டுப் பழகியது. எல்லா ஊரிலும் அது மனதை மாற்றிவிட்டது என்று சொல்லவரவில்லை. ஆனால் எந்தத் தீர்மானத்தைக்காட்டிலும் ஆழமாக அது வேலை செய்தது.

2020இல் கொரோனா வந்தபோது முதலில் நின்றவை இந்த இரண்டும்தான்: கைகோர்த்த சமாதானமும், ஒரே கிண்ணமும். சமாதானம் தூரத்திலிருந்து கைகூப்புவதாக மாறியது. கிண்ணத்துக்குப் பதில் ஆளுக்கொரு சின்னக் குப்பி வந்தது. அதற்கு முன்பே சில சபைகள் குப்பிக்கு மாறியிருந்தன, தொற்று மற்றவர்களையும் அங்கே தள்ளியது. அன்றைக்கு அது சரியான முடிவு, உயிரைக் காப்பதும் அன்புதான். ஆனால் ஊரடங்கு முடிந்தும் பல இடங்களில் பழைய முறை திரும்பவில்லை. குப்பி சுத்தமானது, வேகமானது, வரிசை சீக்கிரம் நகர்கிறது. இதை யாரும் விவாதித்து முடிவெடுக்கவில்லை, அப்படியே நிலைத்துவிட்டது. ஒரே கிண்ணத்துக்காக இந்த மண்ணில் எத்தனை பேர் என்னென்ன பாடுபட்டார்கள் என்பது இன்றைய கமிட்டி உறுப்பினர்களில் பெரும்பாலோருக்குத் தெரியாது. அடுத்த சபைக் கூட்டத்தின் நிகழ்ச்சி நிரலில் வரவுசெலவுக்கு முன்னால் இதை ஒரு பொருளாக வைத்து, உடல்நலக் குறை உள்ளவர்களுக்கு மாற்று வழியோடு, வாய்விட்டுப் பேசித் தீர்மானிக்க வேண்டும் என்று கேட்கிறேன்.